அக்கா துடைத்த கல்

உயிரோடு இருக்கிற ஒரு பெண் தன்னுடைய கல்லறைக் கல்லைத் துணியால் துடைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கத்தில்தான் நின்றேன். கல்லில் அவருடைய பெயர், பிறந்த வருடம், அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. மேலே முட்டை வடிவச் சட்டத்துக்குள் அவருடைய சிரித்த முகம். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் நல்ல வடிவு, நல்ல வடிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு மண்டை கொதிக்கிறது. இந்தக் கொதிப்பு ஆறுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நானும் "அது அவர்களுடைய வழக்கம்" என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

நான் இருப்பது ஜேர்மனியில், ஹம் என்ற நகரத்தில். ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் படுக்கை விரிப்புத் துவைத்துக் கொடுக்கிற சலவைத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தேன். துவைத்த விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் கொடுக்கிற இடத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. சேர்ந்து பிடித்து, சேர்ந்து உதறி, சேர்ந்து விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் விரிப்புச் சுருங்கி உள்ளே போய்விடும்; மறுபக்கத்தில் மடிக்கிறவள் கத்துவாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை ஒரு குரோசியாக்காரியோடு சோடி சேர்த்துவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வயதுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றேன். அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து அவரும் என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார். விளக்கம் சொல்லியும் அவர் விடவில்லை. தொழிற்சாலை முழுக்க எங்களை "இரண்டு அக்காக்கள்" என்றுதான் சொன்னது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜேர்மன், எங்கள் ஆட்கள் சொல்கிற டொச் பாசை. அவருடைய டொச் அவருடைய ஊர் இழுவையில் போகும், என்னுடையது யாழ்ப்பாண இழுவையில் போகும். மேற்பார்வைக்காரிக்கு எங்கள் இரண்டு பேருடைய பேச்சும் விளங்காது. எங்களுக்கு விளங்கியது. அவர் சொன்னதெல்லாம் இப்போது எனக்கு எங்கள் ஊர்த் தமிழிலேயே நினைவுக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

உருளைக்கு முன்னால் நின்றே நான் அவருடைய நகரத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். நகரம் என்பது கொஞ்சம் பெரிய சொல். ஒரு சதுக்கம், மஞ்சள் சுவர்த் தேவாலயம், பஸ் நிலையம், மூடிப்போன செங்கல் சூளை, கிழமைக்கு ஒரு நாள் சந்தை. சுற்றிவர சோளக் காடும் சூரியகாந்தியும், அதற்கு நடுவே ஏழெட்டுக் கிராமங்கள். ஒவ்வொரு கிராமமும் ஒரே ஒரு நீளமான தெரு. அக்கா பிறந்தது ஒரு கிராமம், கலியாணம் செய்து போனது அடுத்த கிராமம். அந்த நகரத்திலும் கிராமங்களிலும் பாதிப் பேர் ஹம்மில் இருந்தார்கள். ஆண்கள் சுரங்கத்திலும் கம்பித் தொழிற்சாலையிலும், பெண்கள் சலவையிலும் கூட்டித் துடைக்கிற வேலையிலும். தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்தார்கள், தங்களுக்குள்ளேயே கோபித்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? ஊரில் ஒரே ஒழுங்கையில் பிறந்தவர்கள் இங்கே ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு, ஊரில் விட்ட வேலிச் சண்டையைப் படிக்கட்டில் தொடர்ந்தார்கள். அதனால் அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

ஒன்றே ஒன்று புதினமாக இருந்தது. அவர்களில் யார் செத்தாலும் பெட்டி ஊருக்குத்தான் போகும். முப்பது வருடம் ஊர்லாப் என்கிற விடுமுறைக்கு மட்டும் ஊர் போனவர்கள், செத்த பிறகு ஒரேயடியாகப் போனார்கள். கணவன் பிறந்த கிராமம் எதுவோ, மனைவிக்கும் அங்கேதான் இடம். இதில் கேள்வி கிடையாது.

அக்காவுக்கு இந்த வழக்கத்தில் ஒரு முள் இருந்தது. அவருடைய முதல் பிள்ளை ஹம்மில் பிறந்து, நடை பழகுவதற்குள் காய்ச்சலில் செத்துப்போனது. அப்போது அவர்கள் ஜேர்மனிக்கு வந்த புதிது, சின்னப் பெட்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழி தெரியவில்லை. எங்கள் சலவைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற சவக்காலையில் புதைத்தார்கள். இந்த நாட்டில் குழி உங்களுக்குச் சொந்தமில்லை, தவணைக்குத்தான் தருவார்கள். அது பிள்ளைகளுக்கான வரிசைக் குழி, தவணையை நீட்டவும் முடியாதாம். தவணை முடிந்ததும் கல்லை எடுத்தார்கள், மண்ணை மட்டமாக்கினார்கள், புல் விதைத்தார்கள். ஒரு தாய் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பிள்ளை கிடந்த இடத்தைப் புல் வெட்டுகிற இயந்திரம் ஓடுகிற இடமாக்கிவிட்டார்கள். எல்லாம் சட்டப்படி. அந்தச் சட்டத்தை எழுதினவர் பிள்ளை பெற்றிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

பக்கத்தில் ஒரு பேர்ச் மரம் நின்றது. அதுதான் அடையாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அங்கே போய்ச் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றைப் புல்லில் கொளுத்தி வைப்பார். அடுத்த கிழமை போனால் விளக்கு இருக்காது. தோட்டக்காரர் எடுத்திருப்பார், அதுவும் சட்டப்படி. இவர் இன்னொன்று வைப்பார்.

"நான் செத்தா என்னை இஞ்சதான் புதைக்க வேணும். அந்த மரத்துக்குக் கிட்ட. அவன் தனிய நிறைய நாள் கிடந்திட்டான்" என்று ஒருநாள் உருளைக்கு முன்னால் சொன்னார்.

"மனிசனிட்டச் சொன்னனீங்களோ?"

"ஏலாது அக்கா. மனிசன் ஒரு இடத்தில, மனிசி ஒரு இடத்தில எண்டா விட்டிட்டுப் போனவள் எண்டு ஊர் கதைக்கும்."

"செத்தாப் பிறகு கதைச்சா உங்களுக்குக் கேக்கவே போகுது?"

"எனக்குக் கேக்காது. அந்த மனிசனுக்குக் கேக்கும்."

பிறகு, இதை ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். இரண்டு கையிலும் ஈர விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு மனிசனுக்குச் சமைத்துப்போட்டவளுக்கு, தன் உடம்பை எங்கே வைப்பது என்று சொல்ல வாய் இல்லை என்றால் அது என்ன குடும்பம்?

இலங்கையில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக யாழ்ப்பாணம் போய் வந்தார்கள். எனக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுக்க வசதி வரவில்லை. "எங்கட ஊருக்காவது வாங்கோவன்" என்று அக்கா நச்சரித்தார். அந்த ஓகஸ்ட் மாதம் எங்கள் காரும் அவர்கள் காரும் ஒன்றன்பின் ஒன்றாக ஹம்மிலிருந்து புறப்பட்டன. அவர்கள் காரின் கூரையில் குளியலறைத் தொட்டி ஒன்று கவிழ்த்துக் கட்டியிருந்தது. ஒஸ்ரியாவின் சுரங்கப் பாதை வாசலில் மணிக்கணக்காக நின்றோம். முன்னும் பின்னும் நின்ற கார்களெல்லாம் ஜேர்மன் இலக்கத் தகடு போட்டவை, எல்லாவற்றின் கூரையிலும் ஏதோ ஒரு தளபாடம்.

நகரம் அக்கா சொன்னபடியே இருந்தது. சதுக்கத்தில் நின்ற கார்களில் பாதி ஹம் இலக்கத் தகடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓடி வந்து எங்கள் தெருவிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. சில சுவர்களில் யுத்தம் துளைத்த ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருந்தன. கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு வயல் ஓரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நட்டிருந்தது. என் கணவர் காரை மெதுவாக்கினார். கண்ணிவெடிப் பலகையை எங்களுக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ஆட்கள் நல்லவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தெருவில் ஒரு வீட்டையும் எங்களால் சும்மா கடந்து போக முடியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாங்கு, வாங்கில் ஒரு கிழவர், கையில் பிளம்பழச் சாராயம். வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டேன் என்று பயந்து பயந்து சொன்னேன். "நாங்களும்தான்" என்று சொல்லி, அக்காவின் மைத்துனர் மனைவி ஒரு சட்டி போஞ்சிக் கறியைக் கொண்டுவந்து வைத்தார். கத்தோலிக்கருக்கும் வெள்ளி விரதம் உண்டு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அந்தக் கிராமத்தோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வீடுகள் பல சாந்து பூசாமல் செங்கல் தெரிய நின்றன. மேல் மாடிக்கு யன்னல் போடாமல் பொலித்தீன் அடித்திருந்தார்கள். சவக்காலையோ பளபளத்தது. கறுப்புக் கருங்கல், பொன் எழுத்து, பீங்கானில் பதித்த படங்கள். வீட்டுக்குச் சாந்து பூசாதவனும் கல்லறைக்குக் கருங்கல் போட்டிருந்தான். பாதிக் கற்களில் உள்ளவர்கள் இன்னும் சாகவில்லை. முன்கூட்டியே பெயரை வெட்டி, படத்தைப் பதித்து வைத்துவிடுவார்கள். கடைசி வருடத்தை மட்டும் பிறகு வெட்டினால் போதும். அது அங்கே பெருமை. ஜேர்மனியில் உழைத்தேன், பிள்ளைகளுக்குக் கரைச்சல் வைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

மாதா திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் அக்காவின் கணவர் எல்லாரையும் சவக்காலைக்குக் கூட்டிப்போனார். மனுசன் காலையிலிருந்தே ஒரு மாதிரிச் சந்தோசத்தில் இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். தன் தகப்பனும் தாயும் கிடக்கிற இடத்துக்கு வந்ததும் கல்லை மூடியிருந்த சாக்கை இழுத்தார்.

இடப்பக்கம் அவருடைய தகப்பன், தாய். வலப்பக்கம் அவரும் அக்காவும். அக்காவின் படம் வெள்ளிவிழாக் கலியாண நாளில் எடுத்தது. அவருக்குப் பக்கத்துச் சட்டத்தில் மாமியார் முறைத்துக்கொண்டிருந்தார். அந்த மாமியாரை எனக்கு உருளை வாசலில் கேட்ட கதைகளால் நன்றாகவே தெரியும். இறைச்சி புகை போடுகிற அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர். புது மருமகளை எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மேசைக்கு விட்டவர். அவருக்குப் பக்கத்தில்தான் இனி எந்தக் காலத்துக்கும் அக்கா.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கு மாலை போட்டாலே வீட்டில் பெரிய சண்டை நடக்கும். அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கைப்பையைத் திறந்தார், மடித்த துணி ஒன்றை எடுத்தார், குனிந்தார். கல்லில் சாக்குத் தூசி ஒட்டியிருந்தது. மாமனாரின் பெயரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயர்வரை துடைத்தார். கோட்டுக்குப் பிறகு இருந்த வெறும் இடத்தையும் துடைத்தார்.

"நல்ல வடிவு" என்றார்கள் எல்லாரும். என் கணவரும் தலையாட்டினார். அக்காவின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் நான் வாயை அடக்கவில்லை. "உயிரோட இருக்கிற மனிசிக்கு ஆரும் கல்லு வைப்பினமே? அவவிட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?" என்று அக்காவின் கணவரைக் கேட்டேன்.

மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அக்கா. சத்தியத்தை நினைவுபடுத்துகிறார்.

அக்காவின் கணவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "உங்கட நாட்டில அப்பிடி ஒரு நம்பிக்கை இருக்கும்" என்று பொறுமையாகச் சொன்னார். "எங்கட ஊரில இது மரியாதை. டொச்சுக்காரன் செத்தவனிட்டையும் வாடகை கேக்கிறவன். என்ர பிள்ளையை மட்டமாக்கிப் புல்லுப் போட்டவன். என்ர மனிசியையும் அவன்ர கையில குடுப்பன் எண்டு நினைக்கிறீங்களோ?"

அந்தப் பிள்ளையை அவரும்தான் புதைத்தார் என்பது அதுவரை என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. ஒரே புல்லைப் பார்த்து இரண்டு பேரும் இரண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள். அவர் தன் முடிவைக் கருங்கல்லில் வெட்டிவிட்டார். அக்கா தன் முடிவை என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார். இதில் எது நிற்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் காலை அக்காவை வீட்டுக்குப் பின்னால், சோளம் காயப்போடுகிற கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "ஏன் துடைச்சனீங்கள்?" என்றேன்.

"தூசியா இருந்தது."

"அக்கா!"

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. வேற என்ன செய்யிறது? அழுறதோ? அந்த மனிசன் எவ்வளவு ஆசையாச் செய்தவர்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "கிழவி அங்கயும் திறப்பைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருப்பா."

சிரிக்கிற விசயமா இது? நான் சிரிக்கவில்லை. திரும்பி ஹம்முக்கு வருகிற வழியில் காருக்குள் என் கணவர் அந்தக் கல்லைப் பற்றியே கதைத்தார். "நல்ல மனிசன். எல்லாத்தையும் முன்னுக்கே ஒழுங்கு செய்து வைச்சிருக்கிறார். எங்களுக்கும் கவலையில்லைத்தானே. ரெண்டு பேற்ற சாம்பலையும் ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலையில கரைச்சா முடிஞ்சுது" என்றார். பிள்ளைகள் பின்னால் நித்திரை. எனக்குக் களைப்பு. யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில வருடங்கள் போயின. அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. வேலையை விட்டார். என்னோடு சோடி போட ஒரு புதுப் பெட்டையை விட்டார்கள். அவளுக்கு உதறத் தெரியாது, நான் விடுகிற நேரத்தில் அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அக்கா படுத்திருந்த விரிப்பு எங்கள் தொழிற்சாலையிலிருந்து போனதுதான். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது அந்தப் பெட்டை பிடிச்சது. சுருக்கம்" என்பார்.

"மகளிட்டச் சொல்லுங்கோ" என்று போகிற ஒவ்வொரு தரமும் கெஞ்சினேன். அந்தப் பிள்ளை செத்து நெடுநாள் கழித்துப் பிறந்த மகள் அவருக்கு ஒருத்தி இருந்தாள். ஹம்மிலேயே கலியாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு இருந்தாள். நல்ல பிள்ளை. தினமும் வந்து தாயின் தலையை வாரிவிட்டுப் போவாள்.

"அவளுக்கு ஏன் கவலை குடுப்பான்?"

"அப்ப மனிசனிட்டச் சொல்லுங்கோ."

"அந்தாள் உடைஞ்சு போயிடும்."

"அப்ப நான் சொல்லட்டோ?"

விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். "நான் போனாப் பிறகு சொல்லும்" என்றார். பிறகு நித்திரையாகிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாகக் கிடக்கிற மனுசியோடு சண்டை பிடிக்கவும் முடியாது. எல்லாரையும் கவலையிலிருந்து காப்பாற்றிவிட்டு, தனக்காகச் சண்டை பிடிக்கிற வேலையை மட்டும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரியின் தலையில் கட்டிவிட்டார்.

அவர் போன அன்றைக்குப் பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். நகரமும் ஏழெட்டுக் கிராமங்களும் அந்தச் சின்ன இருப்பறைக்குள் நிறைந்திருந்தன. சின்னக் கிளாசுகளில் சாராயம், கோப்பி, கறுப்பு உடுப்பு. ஊருக்குப் பெட்டி ஏற்றுகிற வாகனத்துக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அக்காவின் கணவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். சேர்ட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வந்த வேலையைச் செய்தேன். மகளையும் பக்கத்தில் கூப்பிட்டு, அக்கா என்னிடம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பேர்ச் மரத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விளக்கைச் சொன்னேன்.

மகள் தகப்பனைப் பார்த்தாள். "அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே. எங்க எண்டு நான் கேட்டனான். அப்பா சொல்லுற இடம் எண்டுதான் சொன்னவ."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், அக்காவின் இன்னொரு மைத்துனர், நான் யார் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். வேலை இடத்து ஆள் என்று பதில் வந்தது. அவர் தலையாட்டினார். அத்தனை வருடம் சேர்ந்து மூலை பிடித்தவள் வேலை இடத்து ஆள். அந்த மைத்துனருக்கு அந்த வீட்டில் எல்லாருடைய பெயரும் தெரியும், அக்காவுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

அக்காவின் கணவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே விளங்காத ஒரு மனுசனின் முகம்.

"அவ துடைச்சவ" என்றார். "நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள். கண்டனீங்கள்தானே? விருப்பமில்லாட்டி ஏன் துடைக்கிறா?"

தூசியாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று எனக்கே கேட்டது. அந்தக் கறுப்புக் கல்லுக்கு முன்னால், ஊருக்குச் சொல்லிவிட்ட வாகனத்துக்கு முன்னால், அது ஒன்றுக்கும் ஆகாது. அந்த மனுசன் அத்தனை வருடமும் அந்தத் துடைப்பைச் சம்மதம் என்று நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். சந்தோசமாக வேறு இருந்திருக்கிறார்.

அடுத்த நாள் பெட்டி போயிற்று. ஒஸ்ரியாவின் அதே சுரங்கப் பாதைக்குள்ளால், அதே சோளக் காட்டுக்குள்ளால், திறப்பைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற கிழவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கோட்டுக்குப் பிறகு வருடத்தையும் வெட்டியாயிற்று என்று பிறகு மகள் சொன்னாள்.

எனக்கு எல்லாரிலும் கோபம். குழியைத் தவணைக்குக் கொடுக்கிற இந்த நாட்டில் கோபம். வீட்டுக்குச் சாந்து பூசாமல் கல்லறைக்குக் கருங்கல் போடுகிற அந்த ஊரில் கோபம். கேட்காமல் அன்பு வைத்த மனுசனில் கோபம். எல்லாரையும்விட அக்காவில்தான் கோபம். என்னோடு உருளை வாசலில் நின்று அவ்வளவு கதைத்தவர், பெற்ற பிள்ளை வாய் திறந்து கேட்டபோது அப்பா சொல்லுகிற இடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாரே. செத்தவரோடு இப்படிக் கோபிக்கலாமா என்று கேட்பீர்கள். கோபிக்கலாம். மனதுக்குள் இன்னும் நாம் பேசிக்கொண்டிருக்கிற ஆளோடுதான் கோபம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு பேர்ச் மரத்தடிக்குப் போனேன். நான் சைவக்காரி, எனக்கு அதைக் கொளுத்தும் முறை தெரியாது. நெருப்புக் குச்சி மூன்று தரம் அணைந்தது. தோட்டக்காரர் தள்ளுவண்டியோடு வந்து, இங்கே விளக்கு வைக்கக் கூடாது, இங்கே குழி ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். "இருக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போய்ப் புல்லுக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் குசினி மேசையில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"நான் செத்தா என்ர சாம்பலை என்ன செய்யிற எண்ணம்?"

அவர் திடுக்கிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "இதென்ன விசர்க்கதை? கீரிமலை எண்டு எப்பவோ முடிவானதுதானே."

"ஆர் முடிவெடுத்தது?"

"நாங்கள்தான். குரோசியாவில இருந்து வரேக்க காருக்குள்ள நான் சொன்னனான்." பிறகு, உண்மையிலேயே விளங்காத ஒரு முகத்தோடு, "நீர் ஒண்டும் சொல்லேல்லையே. பேசாமல்தானே வந்தனீர்" என்றார்.

நான் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தேன். யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. கறுப்புக் கல்லும் துணியும் நினைவுக்கு வந்தன. நானும் அன்றைக்குத் துடைத்துத்தான் இருக்கிறேன்.

"எனக்கு அங்க போக விருப்பமில்லை" என்றேன். "எங்க எண்டு இன்னும் யோசிக்கேல்லை. யோசிச்சுச் சொல்லுவன். ஆனா என்னைக் கேக்க வேணும். வாயால கேட்டு, நான் வாயால சொல்ல வேணும்."

அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுக்க நான் தயாராக இல்லை. "விளங்கினதோ?" என்று கேட்டேன். "ஓம்" என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு என் மகளுக்கு டெலிபோன் எடுத்தேன். பிறகு ஒருவரும் விளங்கவில்லை என்று சொல்லக்கூடாது என்பதற்காக, அதையே தமிழில் ஒரு தரமும் டொச்சில் ஒரு தரமும் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று பயந்த குரலில் கேட்டாள்.

"நல்ல சுகமா இருக்கிறன்" என்றேன். "அதாலதான் இப்ப சொல்லுறன்."